தரையை யாரும் தட்டவில்லை

லாரிக்காரன் தன் அக்காவை அழைத்துப்போக வந்தபோது, மில் குடியிருப்பில் அவள் வீடு ஒன்றுதான் மிச்சம். மற்ற வீடுகளை இடிக்கிற இயந்திரம் தின்று தீர்த்திருந்தது. விடிந்தால் இதுவும் போய்விடும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பஞ்சுத்தூசியும் தறி எண்ணெயும் கலந்த வாடை. மில்லை மூடியவர்கள் எல்லோரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த வாடையை மட்டும் மறந்துவிட்டார்கள்.

“மூட்டை கட்டலியாக்கா?”

“கட்டியாச்சு. அம்மா வரட்டும்.”

அம்மா போன வருஷம் இறந்துபோனவள். லாரிக்காரன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பகலெல்லாம் வண்டி ஓட்டி வந்தவனுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை.

“விளையாடாதக்கா. காலைல உள்ள இருந்தா உன்னையும் செங்கல்லோட சேத்து அள்ளிடுவான்.”

“ஷிப்டு முடிஞ்சு வர்றவ வீட்டைக் காணாம தெருவுல நிப்பாளேடா.”

“அவ செத்துட்டா.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுக்கு யாரு சொன்னா?”

அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தறிச் சத்தத்தில் ஊரில் பாதிப் பேருக்குக் காது போய்விட்டது. பேச்செல்லாம் உதட்டசைவில்தான். ஒருவரைக் கூப்பிட, காலால் தரையை ஓங்கித் தட்ட வேண்டும். அதிர்வு தெரிந்து அவர் திரும்பிய பிறகுதான் சேதி. புருஷன் பெண்டாட்டி சண்டையில் முதலில் கண்ணை மூடிக்கொண்டவரே ஜெயித்தார். மில்லை மூடுவதாக முதலாளி ஒலிபெருக்கியில் அறிவித்தார். மறுநாள் எல்லோரும் வழக்கம்போல வேலைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்தார்கள். அம்மா அந்தப் பூட்டுக்கு முன்னால் இருட்டும்வரை நின்றாள். அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்த வேளைகள் குறைவு. பிள்ளைகள் இரண்டும் பசியைக்கூட உதட்டில்தான் சொல்லிக்கொண்டன.

“அம்மா செத்தன்னிக்கு ஊரே கூடி வாய்விட்டு அழுதுச்சு,” என்றாள் அக்கா. “ஒருத்தராவது தரையைத் தட்டினாங்களா? நீயாவது தட்டினியா?”

தட்டவில்லை. அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

“நீ சொல்லியிருக்கலாமே?”

“நாளெல்லாம் நின்னு களைச்சு வர்றா. வந்ததும் வராததுமா இதை எப்படிடா சொல்ல?”

அவன் உள்ளங்காலில் தரை அதிர்ந்தது.

சத்தமில்லை. அதிர்வு மட்டும். வலது காலை இழுத்து இழுத்து வைக்கிற அம்மாவின் நடை.

எண்ணெய் வாடை தூக்கலாக அடித்தது.

“வந்துட்டா,” என்று கிசுகிசுத்த அக்கா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “இன்னிக்கு நீயே சொல்லிடு. என்னால பாக்க முடியாது.”

சமையலறையில் ஒரு முதுகு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலைமயிரிலிருந்து பஞ்சை ஒவ்வொரு இழையாகப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அவன் காலைத் தூக்கினான். தட்டினான்.

கை நின்றது.

மெல்லத் திரும்பியது. அவன் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தது.

நீ செத்துட்டம்மா. இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தில் இருந்த அசதியைப் பார்த்தான். அவன் உதடு வேறொன்றைச் சொல்லிவிட்டது.

வெளியே வந்து மூட்டைகளை ஏற்றினான். அக்கா ஏறி நடுவில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது.

“சொல்லிட்டியா?”

“ம்.”

“அழுதாளா?”

“இல்ல. தலையாட்டினா.”

“என்னன்னு சொன்னே?”

லாரிக்காரன் ரோட்டைப் பார்த்தபடி இருந்தான். “வண்டி வெளிய நிக்குது, வாம்மான்னு.”

அக்கா அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். அவள் தலை அந்தப் பக்கத்துக் கதவை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஆனால் கதவைத் தொடவில்லை. நடுவழியில், ஒரு தோள் இருக்கக்கூடிய உயரத்தில் நின்றிருந்தது.

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறிக் குலுங்கியது.

தலை விழவில்லை.