வாய் திறந்த மிதவை

காலையில் குழாயில் பிடித்து வைத்த தண்ணீர்தான். மதியம் இரண்டு மணிக்கு அதில் கடல் வாசம் அடித்தது.

குளியலறை மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி. கடலில் முங்கிவிட்டு வருகிற கணவனின் உடுப்பையும் முகக்கண்ணாடியையும் உப்புப் போக அலசுவதற்கென்றே அதை வைத்திருந்தாள். இன்று அவன் இன்னும் திரும்பவில்லை, தொட்டியில் ஒரு துணிகூட விழவில்லை. விரலை முக்கி நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. குழாயைத் திறந்து ருசி பார்த்தாள். அது நல்ல தண்ணீர்.

மனசு கெட்டால் நாக்கும் கெட்டுப்போகுமா என்று தன்னையே திட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மனசு கெட்டுத்தான் கிடந்தது. பத்து வருஷம் அவனோடு சேர்ந்து முங்கியவள் அவள். இடது காதில் சவ்வு கிழிந்து, இனிமேல் கடலில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, முங்கு சாமான் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் இடத்துக்குத் தங்கை வந்தாள். கூட இறங்குகிற துணையை முங்குகிறவர்கள் ஜோடி என்பார்கள். தொழில் வார்த்தை, அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனாலும் அவன் படகுக்காரரிடம் போனில், "நானும் என் ஜோடியும் பதினொரு மணிக்கு வந்துடறோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னபோது அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

நேற்று தங்கை கடைக்கே வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு ஒரு மிதவை வேணும். மாமா உன்னையே பாத்து எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க."

எதற்கெடுத்தாலும் மாமா.

மிதவை என்பது சுருட்டி இடுப்பில் மாட்டிக்கொள்கிற ஆரஞ்சு நிறப் பை. கீழிருந்து காற்றடைத்துக் கயிற்றோடு மேலே விட்டால், அலைக்கு மேல் நிமிர்ந்து நின்று, ஆள் எங்கே இருக்கிறான் என்று படகுக்குக் காட்டும். புது ஆளுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்வாள். ஆள் உயரம் இருக்க வேண்டும், அடியில் வாய் மூடியிருக்க வேண்டும், உள்ளே போன காற்று வெளியே வரக் கூடாது. அவள் கை அந்த வரிசையைத் தாண்டிப் போய், முழ நீளத்தில் வாய் திறந்த ஒன்றை எடுத்தது. கயிற்றை இழுத்துப் பிடிக்கத் தெரியாதவர்கள் விட்டால் அது மேலே வந்ததும் சாய்ந்து, காற்றைக் கக்கிவிட்டு, அலைக்குள் படுத்துவிடும்.

"ரொம்பச் சின்னதா இருக்கே?"

"உனக்கு இது போதும்டி. கைக்கு அடக்கமா இருக்கும்."

தங்கை நம்பிவிட்டாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டுப் போனாள். அரை மணி நேரம் அலையில் தத்தளித்தால் பயந்துபோய் கடல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள், அதற்குத்தான், வேறெதற்கும் இல்லை என்று அவள் நேற்றிலிருந்து தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அது முழு உண்மை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

குளியலறையில் தண்ணீர் களக்கென்றது.

குழாய் சொட்டுகிற சத்தமில்லை. அடியிலிருந்து ஏதோ ஒன்று முட்டி மேலே வருகிற சத்தம். நல்ல காதைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். ஜன்னல் வழியே விழுந்த வெயிலில், பாசியும் மீன் கவிச்சியும் கலந்த வாசம் மூக்கைத் துளைத்தது.

தொட்டியின் நடுவில் மிதவை நின்றுகொண்டிருந்தது. முழ நீளம். ஆரஞ்சு நிறம். அவள் எடுத்துக் கொடுத்த அதே மிதவை.

அதன் அடியிலிருந்து கயிறு நேராகக் கீழே போனது. தொட்டிக்கு ஆழம் முழங்கால் அளவுதான். கயிறு அதற்கும் கீழே போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது. தங்கை.

"அக்கா..." அழுகையில் வார்த்தை வரவில்லை. "மாமாவக் காணோம்க்கா. படகுல என் மிதவையப் பாத்துட்டு, இது உனக்கு ஆகாதுன்னு தன்னோடத எனக்குக் குடுத்துட்டாங்க. நான் சமாளிச்சுப்பேன்னு என்னோடத எடுத்துக்கிட்டாங்க. கீழ நீரோட்டம் எங்களப் பிரிச்சுடுச்சு. நான் விட்டதப் பாத்துப் படகு வந்துடுச்சு. மாமாவோடது எங்கயுமே தெரியலக்கா. ஒரு மணி நேரமாத் தேடறோம்..."

ஸ்பீக்கரைப் போட்டுப் போனை ஈரத் தரையில் வைத்தாள். அல்லது கை நழுவி அதுவாக விழுந்திருக்கலாம். தன் மிதவையை அவளுக்குக் கொடுத்துவிட்டானாம். அந்த நேரத்திலும் அதுதான் சுருக்கென்று தைத்தது.

மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். விறைப்பாக இருந்தது. பனிக்கட்டியாகச் சில்லிட்டது.

இழுத்தாள். வந்தது.

பதினைந்து மீட்டர் கயிறு. நேற்று கடையில் அவளே அளந்து சுற்றிக் கொடுத்தது. கையால் அளந்துகொண்டே இழுத்தாள். பத்து. பதினைந்து. இருபது. முழங்காலைச் சுற்றி ஈரக் கயிறு குவிந்தது. முப்பது.

கனத்தது.

அந்தப் பக்கமிருந்தும் யாரோ பற்றிப் பற்றி ஏறினார்கள். ஒரு இழுப்பு. நிறுத்தம். ஒரு இழுப்பு.

விட்டுவிடலாம். விடக் கூடாது. விட்டால் அவன் போய்விடுவான்.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

கயிற்றை இன்னும் ஒரு முழம் இழுத்தாள். தண்ணீர் கறுத்தது. கையுறை போட்ட விரல்கள் விளிம்பைப் பிடித்தன. தலை மேலே வந்தது. முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்பி நின்றது. அதற்குள் இரண்டு கண்களும் திறந்திருந்தன.

"ஏங்க," என்றாள். "நான்தாங்க."

அந்தக் கண்கள் அவள் மேல் நிற்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் கதவைத் துழாவின. கூடத்தைத் துழாவின.

"மாமா..." போனில் தங்கை தேம்பினாள்.

கழுத்து திரும்பியது. மெல்ல. சத்தம் வந்த பக்கம்.

"ஏங்க, இங்க பாருங்க. நான் இங்க இருக்கேன்."

ஈரக் கை விளிம்பைத் தாண்டியது. அவளைத் தாண்டியது. முழங்கை வரை, தோள் வரை, ஒரு கைக்கு இருக்க வேண்டிய நீளத்தையும் தாண்டி நீண்டு, தரையில் ஒளிர்ந்துகொண்டிருந்த திரையைத் தொட்டுத் தடவியது.

"மாமாவா?" என்றது போன். "மாமா, நீங்களா?"

பல் தெரிய அவன் சிரித்தான்.