தகட்டில் இருந்த வருடம்

கிருஷாந்தி மழையோடு வந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக் கழற்றி, ஓர் அலுமினியத் தகட்டைச் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். அவள் நனைந்திருந்தாள், தகடு நனையவில்லை.

"என் வீட்டுக்காரர் வரைஞ்சதுங்க ஐயா. ஹட்டன்ல படம் அச்சடிச்சு விக்கிற தர்ஷன் கடையில இருந்துச்சு. கெஞ்சிக் கேட்டு எடுத்துட்டு வந்தேன். கீழ வருசத்தப் பாருங்க."

ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் செபமாலை கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்குத் தகட்டில் அச்சடித்த அகலமான படம். இன்னதென்று சொல்ல முடியாத நீலமும் சிவப்பும், சாயம் இடமிருந்து வலமாக ஒழுகியிருந்தது. நடுவில் மூலை குறைந்த வெள்ளைத் திட்டு, அதன் இடது ஓரத்தில் ஒரு துருப்புள்ளி. கீழே அவள் கணவன் மதுரனின் கையெழுத்து, இந்த வருடம்.

மதுரன் மூன்று வருடத்துக்கு முன்பு வட்டவளையில் மண்சரிவில், குடியிருந்த லய வீட்டு வரிசையோடு போனவன். உடல் கிடைக்கவில்லை.

"நாளைக்குக் கருமாதி வச்சே ஆகணும்னு மாமியார் நிக்கிறாங்க. இவ்வளவு நாளா நான் தான் விடல. உயிரோட இருக்கிற மனுசனுக்கு எப்படிங்க வைக்கிறது?"

பக்கத்து வீட்டு ஏஞ்சலா டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கட்டாயம் இருக்காரு அங்கிள். இந்தப் படத்த இவங்க பார்த்ததே இல்லையாம். அப்ப புதுசு தானே?" மனது நல்ல மனது தான், வாய் தான் எப்போதும் முந்திவிடும்.

"மதுரன் பிரஷ்ஷ எதுல துடைப்பாரு?" என்று கேட்டார் செபமாலை.

"செவத்துல தாங்க. எத்தனை சண்டை போட்டிருக்கேன்."

"இந்தப் படங்கை எங்க மாட்டுவீங்க?"

"அதே செவத்துல, ஆணியில."

செபமாலை பெருமூச்சு விட்டார். "சாயம் கீழ தானே டீச்சர் ஒழுகும்? இதுல பக்கவாட்டுல ஓடுது, கையெழுத்து மட்டும் நேரா இருக்கு. அப்ப கையெழுத்து பிறகு சேர்த்தது." தகட்டை நிமிர்த்தி வைத்தார். துருப்புள்ளி, ஆணி இருந்த இடம், மேலே வந்தது. படங்கைக் கதவு ஆணியில் மாட்டினார். கிழிந்த மூலையோடு அது தொங்கிய வடிவமும் வெள்ளைத் திட்டும் ஒன்றாகவே இருந்தன.

"இது தொங்கும்போது சுத்திவரத் துடைச்சிருக்காரும்மா. காலையில இருட்டோட நீங்க இதக் கட்டிக்கிட்டு பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போயிருவீங்க. வெளிச்சத்துல வெறுஞ் செவத்தப் பார்த்தவர் அவர் ஒருத்தர் தான். அந்தச் செவரு லயத்தோட போயிருச்சு. இது அதுக்கு முன்ன அந்தச் செவத்த அவர் எடுத்த போட்டோ."

தர்ஷனுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஆமாங்க ஐயா, மதுரன் அண்ணன் அப்பவே அனுப்பினது. 'நான் செஞ்சதுலயே இது தான் நல்லது'ன்னு எழுதியிருந்தாரு. புதுசுன்னா தான் ஹோட்டல்காரங்க எடுப்பாங்க. அதான் கையெழுத்தோட இந்த வருசத்தப் போட்டேன்."

ஏஞ்சலா தலை குனிந்துகொண்டாள். செபமாலைக்குத் தன் மூளையின் மேலேயே வெறுப்பு வந்தது.

கிருஷாந்தி அழவில்லை. படங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அதைக் கட்டிக்கொண்டு மலையில் நின்றதால் தான் அவளும் மிஞ்சினாள், அதுவும் மிஞ்சியது.

பிறகு போன் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, அவரு போட்டோ ஒன்னும் மிஞ்சல. நாளைக்குப் படையல்ல வைக்க இதுல ஒன்னு அடிச்சுக் குடுங்க. வருசத்த மட்டும் எடுத்துருங்க."