3.42 மீட்டர்

அவள் பார்க்கத் தொடங்கிய ஒரு மணி நேரமாக அந்த எண் மாறவில்லை.

கவுன்சில் கட்டடத்தின் தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. குன்றுக்குக் கீழே மூழ்கத் தொடங்கியிருந்த கரும்பிலிருந்து இனிப்பும் அழுகலும் கலந்த வாடை ஜன்னல் இடுக்கில் ஏறி வந்தது. ஊரின் வெள்ள எச்சரிக்கை நிரலை எழுதிய மெரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றின் மட்டம் 3.42. இந்த மழையில் ஆறு ஒரு விரல்கூட அசையாமல் நிற்குமா?

ஆறு மீட்டரைத் தொட்டால் அபாயச் சங்கு தானாக ஊதும். அதுவரை கீழ்த்தெருவில் ஒருவரும் கிளம்ப மாட்டார்கள். போன வருடம் இரண்டு முறை அது வீணாக ஊதியதற்கு மதுக்கடையில் அவளைக் கேலி செய்து தீர்த்தார்கள். அதிகம் சிரித்தவன் கீழ்த்தெருவில் தனியாக இருந்த அவள் தம்பி லாக்லன்.

நிரலைத் திறந்தாள். மட்டத்தைக் கேட்டுச் சொல்ல அதில் இரண்டு செயற்கூறுகள். இரண்டுக்கும் அவள்தான் பெயர் வைத்தாள். 'கெட் லெவல் நவ்' ஆற்றிலிருக்கும் கருவியிடம் இப்போது கேட்டுச் சொல்லும். 'கெட் லெவல்' கடைசியாகச் சேமித்ததையே திருப்பிச் சொல்லும். வெள்ளிக்கிழமை நிரலைத் திருத்திவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்தை மட்டும் அடித்தாள். மீதிப் பெயரைத் திரையே நீட்டியது. விசையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வரியில் 'நவ்' இல்லை.

போன் அடித்தது. லாக்லன்.

"மெரின், பின்வாசப்படி முங்கிடுச்சு. உன் பொட்டி மூணு நாப்பத்திரண்டுங்குது. யாரை நம்ப? உன்னையா, நனைஞ்ச என் செருப்பையா?"

"கிளம்பு லாக்கி. இப்பவே."

"கார் மிதக்குது." அவன் சிரிக்கவில்லை.

கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஏறச் சொன்னாள், போனை வைக்காதே என்றாள். சங்கைக் கையால் அழுத்தினாள். அதன் அலறல் ஊர் முழுக்கக் கேட்டது, போனுக்குள்ளும் கேட்டது. மேசை போனில் மீட்புப் படகுக்காரர்களை அழைத்தாள்; அவன் வீடு வரிசையில் நாற்பதாவது என்றார்கள்.

பெயரைத் திருத்தி ஓட விட்டாள். கருவியிடமிருந்து பதில் இல்லை. ஆறு அதையும் விழுங்கியிருந்தது. பதில் வராவிட்டால் சேமித்ததைச் சொல் என்று எழுதியிருந்ததும் அவள்தான்.

3.42.

போனுக்குள் மரச்சட்டங்கள் முனகின. அவன் மூச்சு. பிறகு, டிங். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊரிலுள்ள எல்லாப் போன்களுக்கும் அவள் நிரல் அனுப்பும் செய்தி.

"பாரு," என்றான் லாக்லன். "ஆபத்தில்லையாம்."

அதற்குப் பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும்.

நிரலை நிறுத்தினாள். கணினியின் கம்பியைப் பிடுங்கினாள். சுவரில் செய்திகளை அனுப்பும் பெட்டியின் கம்பியையும். திரை இருண்டது. இனி எதுவும் எதையும் அனுப்ப முடியாது. போனை வைக்க மட்டும் மனம் வரவில்லை. காதோடு அழுத்திக்கொண்டாள்.

மூச்சு இல்லை.

தண்ணீர்.

பத்து நிமிடம் ஆனது.

தண்ணீருக்கு அடியிலிருந்து, மெதுவாக,

டிங்.