எலிசாவின் பெற்றோர்

நப்பின்னைக்கு ஐம்பத்தெட்டு வயது. நெப்ராஸ்காவின் சோள வயல்களுக்கு நடுவே, தன் தந்தை விட்டுச்சென்ற வீட்டில் தனியாக வாழ்ந்துவந்தாள். விடிந்ததும் கிணற்று மீட்டரைப் பார்ப்பாள். பின்னர், காப்பி ஆறும்வரை பழைய தேவாலயப் பதிவேடுகளின் படிமங்களில் இரண்டு பக்கங்கள் படிப்பாள். எழுத்தர் கிறுக்கியிருந்தால், இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன என்றும் பாராமல் அவரை வாய்விட்டுத் திட்டுவாள்.

2151-ஆம் ஆண்டில் அந்த மாவட்டத்தார் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தம் வேரை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நிலத்தடி நீர் வற்றத் தொடங்கியபின் வந்த வேர்ச்சட்டம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மண்ணை உழுத குடும்பங்களின் இரத்த வழியினருக்கே கிணறு. ஏனையோர் முப்பது நாள்களில் வெளியேற வேண்டும். தாய்வழியில் தமிழச்சியான நப்பின்னையைத் தந்தைவழி காத்துவந்தது. அதிலும் ஒரே ஓர் இழைதான்: ஒன்பது தலைமுறைக்கு முந்தைய மூதாய் எலிசா, சாமுவேல் ஹார்லன் என்னும் உழவரின் மகள் என்று 1880-ஆம் ஆண்டின் குடிக்கணக்கு கூறியது. மரபாய்வி என்னும் பொறி அதைக் கண்டதும் தேடலை நிறுத்திக்கொண்டது. போதிய விடை கிடைத்தபின் மேலும் தேடும் வழக்கம் அதற்கில்லை.

நப்பின்னைக்கு அவ்வழக்கம் இருந்தது.

வேர் அலுவலன் இருதயராஜ் அவ்வாண்டின் வேர்ப் படிவத்தில் கையொப்பம் பெற வந்தபோது, அவள் ஒரு படிமத்தை அவன் முன் நகர்த்தினாள்.

“இதைப் படிங்க தம்பி.”

1874 அக்டோபர். நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்த அநாதைக் குழந்தைகள் பதினொருவர் தேவாலயப் பீடத்தின் முன் நிறுத்தப்பட்டனர். வேலைக்கு ஆள் தேடிய உழவர்கள் அவர்களுடைய கைகளை அழுத்திப் பார்த்தனர். ‘எலிசா, ஏழு வயது. பெற்றோர் தெரியாது. புயம் திடமானது என்று சாமுவேல் ஹார்லன் அழைத்துச் சென்றார்.’

“குடிக்கணக்குல மகள்னு போட்டிருக்கே அக்கா?”

“கணக்கெடுக்க வந்த அன்னைக்கு ஹார்லன் வீட்டுல எல்லாரும் வயல்ல இருந்திருக்காங்க. பக்கத்துப் பண்ணையில கேட்டு எழுதிட்டுப் போயிட்டான். ஓரத்துல அவனே குறிச்சு வச்சிருக்கான். உங்க பொறிக்கு ஓரத்துல எழுதினது கண்ணுக்குத் தெரியாதோ?”

இருதயராஜ் குரலைத் தாழ்த்தினான். “குழம்புல உப்புக் கூடினாக்கூட ஊருக்கே சொல்ற ஆளு நீங்க. இதையுமா சொல்லணும்? மூடி வச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“போன மாசம் நம்ம ஊரு ரொசாலியா குடும்பத்தை வெளியேத்தி வண்டியில ஏத்துனீங்களே, எதுக்கு?”

“வேர் இல்லைன்னு.”

“எனக்கு மட்டும் இருக்கா? அந்த ரயில் பிள்ளைங்க வழியில வந்த வீடு இங்க நூத்திப் பன்னெண்டு. உங்க மாமியார் வீடும் அதுல ஒண்ணு.”

அவன் அவசரமாகப் படிமத்தைக் கவிழ்த்து வைத்தான்.

“பயப்படாதீங்க. அவங்க பேரை நான் எழுத மாட்டேன். என்னோடதை மட்டும் எழுதுறேன்.”

“கிணத்தை மூடிருவாங்க அக்கா.”

“பன்னெண்டு வருஷம் அவங்க வீட்டுச் சோளத்தை உரிச்சிருக்கா அந்தப் பிள்ளை. அது வேர் இல்லைன்னா, செத்துப்போனவளுக்கு ஒரு பொய் அப்பனைக் கட்டிவிட்டு நான் தண்ணி குடிக்கணுமா?”

அவள் படிவத்தில் சாமுவேல் ஹார்லனின் பெயரை அடித்தாள். ‘பெற்றோர் தெரியாது’ என்று நிதானமாக எழுதிக் கையொப்பமிட்டாள்.

“முப்பது நாள் கெடு கொடுங்க, வாங்கிக்கிறேன்,” என்றாள். “ஆனா நான் போகப்போறதில்லை.”