வீட்டுக்காரரே, வாங்க

என் தங்கை லித்யாவின் புது ஃபிளாட்டுக்கு நான் முதல் தடவை போனது டிசம்பரில், ஒரு மத்தியானம். ஒன்பதாவது மாடி. லிஃப்ட்டில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட ரொட்டியைச் சூடு ஆறாமல் துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

எங்கள் ஸாரெச்னி பகுதி பெர்ம் நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. பேருக்குத்தான் நகரம். பஸ்ஸை விட்டு இறங்கினால் சேறு, சேறு இல்லாவிட்டால் பனி. இப்போதுதான் பழைய மரவீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு அடுக்குமாடி எழுப்புகிறார்கள். லித்யாவின் வீட்டையும் இடித்தார்கள், பதிலுக்கு இந்த ஃபிளாட்டைக் கொடுத்தார்கள். அவள் ஒருத்தி பேரில்.

அவள் புருஷன் அர்காதி செத்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. மூக்குமுட்டக் குடித்துவிட்டு, தோட்டத்து வெந்நீர்க் கொட்டகையில் குளிக்கப் போனவன் அங்கிருந்த பெஞ்சிலேயே செத்துக் கிடந்தான். நான் அழவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளை அடித்தே பாதி உயிராக்கினவன் அவன். இனிமேலாவது அவளும் எட்டு வயசு மகள் வார்யாவும் நிம்மதியாகத் தூங்கட்டும், அது போதும் என்றுதான் இருந்தேன்.

லித்யா கதவைத் திறந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மெதுவா பேசுக்கா."

"ஏன்டீ, உள்ள யாராவது தூங்கறாங்களா?"

நேராகச் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். வாசனை அங்கேதான் வந்தது. வெந்நீர்க் கொட்டகையில் உடம்பில் அடித்துக்கொள்கிற ஈர பிர்ச் இலை, வேர்வை, மட்டமான வோட்கா. ஜன்னலுக்கு அடியில் சூடாக்கும் குழாயை ஒட்டி ஒரு கம்பளி பூட்ஸ் நின்றது. ஒன்றே ஒன்று. பெரிய ஆம்பளைக் கால் அளவு.

"இது எதுக்குடி இங்க?"

"தாத்தாவைக் கூட்டிட்டு வந்தேன்ல."

வீட்டைக் காலி பண்ணும்போது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வீட்டைக் காக்கிற, கண்ணுக்குத் தெரியாத கிழவன் ஒருவன் அடுப்புக்குப் பின்னால் இருப்பான். அவனை அனாதையாக விட்டுவிட்டு வரக் கூடாது. பழைய செருப்போ பூட்ஸோ அடுப்போரம் வைத்து, தாத்தா, வண்டி நிக்குது, எங்களோட வாங்க என்று கூப்பிட்டு, அதைக் கையோடு எடுத்து வரவேண்டும்.

"யாரோட பூட்ஸ் இது?" என்றேன்.

"கைக்கு அதுதான் கிடைச்சது. லாரிக்காரன் ஹாரனை விடாம அடிச்சிட்டிருந்தான்."

"லித்யா, என்னைப் பாரு. தாத்தான்னுதானே கூப்பிட்டே?"

மேல்துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அவசரத்துல வீட்டுக்காரரேன்னு கூப்பிட்டுட்டேன். வீட்டுக்காரரே, வாங்க, போலாம்னு."

அந்தக் கிழவனை அப்படிக் கூப்பிடுகிறவர்களும் உண்டுதான். ஆனால் எங்கள் பேச்சில் கட்டின புருஷனுக்கும் அதே சொல்தான். அவனுடைய பூட்ஸை வைத்துக்கொண்டு, அவனுடைய பெண்டாட்டி, அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டால் எவன் வருவான்?

நடையில் சத்தம் கேட்டது.

தொப்.

சளப்.

தொப். சளப். ஒரு காலில் கம்பளி பூட்ஸ். இன்னொன்று வெறுங்கால், ஈரமான கால்.

அடுத்த அறையிலிருந்து வார்யாவின் குரல் வந்தது. "பெரியம்மா வந்திருக்காங்க. ரொட்டி வாசனை வருதுல்ல?"

அவள் என்னிடம் பேசவில்லை. அவளுடைய அம்மாவிடமும் பேசவில்லை.

நடைச் சத்தம் சமையலறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது. யாரையும் காணோம். குடித்தவன் விடுகிற மூச்சு மட்டும் கேட்டது, மூக்கில் சளி கட்டினாற்போல. எனக்கு அந்த மூச்சைத் தெரியும். எத்தனை பண்டிகைக்கு அவன் எதிரில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்!

பூட்ஸைத் தூக்கினேன். கனத்தது. உள்ளே கையை விட்டால் பனி. அந்தக் கொதிக்கிற குழாய்க்குப் பக்கத்தில், கரையாத புதுப்பனி.

"கிளம்புங்க ரெண்டு பேரும். கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவோம்," என்றேன்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. பழைய தெருவுக்கு நடந்தோம். தெரு என்று சொன்னால் சிரிப்பார்கள். தகர வேலி, அதற்குள் பெரிய பள்ளம், அடியில் கான்கிரீட் தூண்கள். லித்யாவின் வீடு எது, வெந்நீர்க் கொட்டகை எது, ஒன்றும் தெரியவில்லை.

"அடுப்பு இருந்த இடம் எதுடி?"

"தெரியலக்கா. எல்லாத்தையும் வாரிட்டாங்க."

இருந்த இடத்திலேயே வைத்து, போய்விடு என்று சொன்னால்தான் போவான். இடமே இல்லாவிட்டால் எங்கே வைப்பது? எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "அர்காதி, இதுதான் உன் வீடு. இங்கயே கிட!" என்று கத்தி, வேலிக்கு மேலே வீசினேன்.

"அப்படிச் சொல்லாதக்கா," என்றாள் லித்யா. "குளிருமே அவருக்கு."

அங்கேயே அவளை ஒரு அறை விட்டிருப்பேன். குழந்தை நின்றதால் கையை அடக்கிக்கொண்டேன்.

பூட்ஸ் கீழே விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

அவர்களை நேராக என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். எனக்கு இருப்பது ஒரே அறை. மூன்று பேரும் இடித்துக்கொண்டு படுத்தோம். சில நாளில் லித்யாவுக்குப் பசி எடுத்தது. ஒருநாள் நான் டீயைக் கொட்டியதற்குச் சிரிக்கக்கூடச் செய்தாள். தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

அப்புறம் லித்யாவின் ஃபிளாட்டுக்கு நேர் கீழே இருக்கிற எட்டாவது மாடிக்காரி போன் பண்ணினாள். லித்யா பேச, பக்கத்தில் இருந்த எனக்கும் அந்த மாடிக்காரியின் குரல் நன்றாகக் கேட்டது.

"தப்பா நினைக்காதம்மா. உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லு. முன்னாடி ஒரு கால் சத்தம்தான் பெருசா இருந்துச்சு. இப்ப ரெண்டு காலும் தொப்பு தொப்புன்னு, விடிய விடிய. கூரையே இடிஞ்சு விழுற மாதிரி இருக்கு."

நான் வீசியதை மட்டுமல்ல, அந்தப் பள்ளத்தில் தேடி அதன் ஜோடி பூட்ஸையும் எடுத்து மாட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

லித்யா போனை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தாள்.

"எங்கடி போற?" கதவை மறித்து நின்றேன்.

"அந்த ஃபிளாட்டை விட்டா எனக்கு என்னக்கா இருக்கு?"

"நான் இருக்கேன்ல? நான் சாகிற வரைக்கும் இங்கயே இரு!"

"அவர் காத்திட்டிருக்காரு."

"செத்தவன்டீ அவன்! மண்ணு போட்டுட்டு வந்தோம்!"

"நான் போய்ச் சொன்னா கேட்பாரு. கோவமா இருந்தா சாமானைத் தூக்கி அடிப்பாரு. இது சும்மா நடக்கறதுதானே?"

உயிரோடு இருந்த காலத்திலும் இதே பேச்சுதான். வீங்கிய கண்ணோடு என்னிடம் ஓடிவருவாள். அவன் தெருவில் வந்து நின்றதும், கோபம் தணிஞ்சிடுச்சு போலிருக்கு என்று பின்னாலேயே போய்விடுவாள். பாவி, செத்த பிறகும் போகிறாளே என்று வயிறு எரிந்தது.

"சரி, நீ போய்த் தொலை. குழந்தையை விட்டுட்டுப் போ."

திரும்பிப் பார்த்தேன். வார்யா தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

போய்விட்டார்கள். நானும் அங்கே போய்ப் பார்த்தேன். மணியை அழுத்தி அழுத்தி விரல் வலித்ததுதான் மிச்சம், கதவு திறக்கவில்லை. போன் பண்ணினால் மட்டும் லித்யா எடுக்கிறாள். குரல் எங்கோ தூரத்தில் இருக்கிறது.

"நல்லா இருக்கோம்க்கா," என்றாள் நேற்று. "மூணு பேரும்."

"வார்யாகிட்ட குடு. நான் பேசணும்."

போனை வாயோடு ஒட்டிவைத்தாற்போல ரகசியமாகச் சொன்னாள்:

"அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்க்கா."