கும்ரே அக்கா காத்திருந்த புதன்கிழமை

மொக்போ நகர நூலகத்தின் மாடி அறைக்கு அன்று மூன்று பேர்தான் வந்தோம். நான், தொக்னிம், எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான யொங்சிம் அக்கா. பதினொரு ஆண்டுகளாகப் புதன் மதியம் கூடி எழுதும் கிழவிகள் நாங்கள். நான்காமவரான கும்ரே அக்காவை முந்தாநாள்தான் தகனம் செய்திருந்தோம்.

குளியலறையில் விழுந்து, இடுப்பு முறிந்து, தனியாகக் கிடந்திருக்கிறார். ஐந்தாம் நாள்தான் பக்கத்து வீட்டார் பார்த்தார்கள்.

வெளியே மழை. கணப்பு போட்டும் அறை சூடாகவில்லை. எங்கிருந்தோ ஈரச் சோப்பின் வாசனை வந்துகொண்டிருந்தது.

"அவளப் பத்தியே எழுதுவோம்," என்றார் யொங்சிம் அக்கா.

"நல்லதா எழுதணுமா, உள்ளத எழுதணுமா?" என்றாள் தொக்னிம். "உள்ளதுன்னா, எங்கிட்ட வாங்கிட்டுப் போன குடைய இன்னும் தரல."

சிரித்தோம். இருபது நிமிடம் தலை நிமிராமல் எழுதினோம். தொக்னிம் முதலில் வாசித்தாள்.

"தரை சில்லுனு இருக்கு. காலு அசையல. குழாய் கைக்கு எட்டல…"

நிறுத்தினாள்.

"நான் குடையப் பத்திதான் எழுதினேன்," என்று கிசுகிசுத்தாள். "சத்தியமாக்கா."

யொங்சிம் அக்கா தன் தாளைப் பார்த்தார். வாசிக்கவில்லை. கவிழ்த்துவைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் அழுத்திக்கொண்டார்.

"நீ வாசி," என்றார் என்னிடம்.

தாளில் இருந்தது என் கையெழுத்துதான்.

'புதன்கிழமை. போன் அடிக்குது. அவங்கதான். ஏழு தடவ அடிச்சு நின்னுடுச்சு. எடுக்கலன்னதும் பதறிக்கிட்டு வருவாங்க. இப்ப வந்துடுவாங்க.'

போன வாரம் கும்ரே அக்கா வராதபோது போன் போட்டவள் நான். "தூங்குறாங்க போல" என்று சொல்லிப் போனை வைத்தவளும் நான். பிறகு எல்லோரும் தேநீர் குடித்தோம்.

"நான் ஒண்ணும் எழுதலக்கா," என்று தாளை மடித்தேன்.

சோப்பு வாசனை என் தோளருகே வந்து நின்றது.

அதற்குப் பிறகு நாங்கள் கூடவில்லை. தொக்னிம் மகளோடு சியோலுக்குப் போய்விட்டாள். பேனாவைத் தொடுவதே இல்லையாம். யொங்சிம் அக்கா எங்கள் யாரோடும் பேசுவதில்லை.

நேற்று மகனுக்குக் காய்ந்த கடற்பாசி அனுப்பத் தபால் நிலையம் போனேன். படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டிம்மா, முகவரி கேட்டா என்னமோ எழுதியிருக்கீங்களே?"

படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.

'கதவு பூட்டல. தள்ளினாலே திறக்கும்.'