தோணிக்காரனின் கடைசிப் பாட்டு

"பாட்டை எல்லாம் முழுங்கிட்டு சப்டைட்டில் போட்டிருக்கானே... இவனெல்லாம் சோறுதான் திங்கிறானா?"

பெர்சி இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆனையூரிலிருந்து நரிமேடு வரை கொட்டுகிற மழையில் ஸ்கூட்டி ஓட்டி, துப்பட்டாவைப் பிழிந்தபடி வந்து உட்கார்ந்தவளிடம் போய்ப் பொறுமையை எதிர்பார்த்தால் எப்படி?

"திங்கிறேங்க. காலையில மட்டும் இட்லி."

பின்னாலிருந்து குரல். திரும்பினாள். லேப்டாப் வெளிச்சத்தில் இரண்டு கண்கள்... அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆத்தாடி! சப்டைட்டில் போட்ட புண்ணியவான் இவன்தானா?

மாடியில் தகரக்கூரை போட்ட ஒரு ஹால். மாதத்தில் ஒரு ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சின்ன ஃபிலிம் கிளப் அங்கே படம் போடும். இன்றைக்கு இங்கிலீஷ் மியூசிக்கல். இருட்டும் பனியுமாக ஓர் ஆறு, அதில் ஒரு தோணிக்காரன். அவன் குடும்பத்தை அழித்த ஐந்து பேர், தாடி வளர்ந்த அவனை அடையாளம் தெரியாமல் ஒவ்வொருவராகத் தோணியில் ஏறுகிறார்கள். ஆளுக்கொரு பாட்டுப் பாடுவான். பாட்டு முடியும்போது தோணியில் அவன் மட்டும்தான் இருப்பான்.

கதை மொத்தமும் பாட்டில்தான் ஓடுகிறது. ஆனால் பாட்டு தொடங்கியதும் திரையில் கீழே வருவது ஒரே ஒரு சொல். (பாடல்). அடுத்ததற்கும் (பாடல்). பதினாலு பாட்டு, பதினாலு முறை (பாடல்)!

"பாட்டுல தாங்க கதையே இருக்கு. அதை விட்டுட்டு 'வணக்கம்', 'ஏறுங்கள்'னு எழுதி வச்சிருக்கீங்க."

"ஓசியில படம் பாக்குறவங்க கொஞ்சம் சத்தம் போடாமப் பாருங்க."

ஓசியா! பெர்சி விறைத்துத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் லேசில் போகாது. தான் தனியாகப் பாட வேண்டிய வரியை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார் என்று, சர்ச்சில் பாட்டுக் குழு நடத்தும் குவையர் மாஸ்டரோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. இவன் கதையும் முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியில் ஐந்தாவது ஆள் தோணியில் ஏறினான். தோணிக்காரன் பாட ஆரம்பித்தான்... சரியாக அப்போது பார்த்து, விட்டிருந்த மழை மறுபடி தகரத்தில் இறங்கியது பாருங்கள், ஒரு வரிகூடக் காதில் விழவில்லை! பாட்டு முடிந்தது. ஐந்தாவது ஆள் கரையில் இறங்கி உயிரோடு நடந்து போனான். படமும் முடிந்துவிட்டது.

எதற்கு விட்டான்? பெர்சிக்கு மண்டை குடைந்தது.

விளக்குகள் எரிந்ததும் முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து திரும்பினார். ஊருக்கே கேட்கும் குரல். "ஏண்டா ஜூடு, நாலு பேரைக் கொன்னவன் இவனை மட்டும் எதுக்குடா விட்டான்?"

லேப்டாப் பக்கம் இருந்தவன் நேராக நின்று, உதட்டைத் தெளிவாக அசைத்தான். சத்தமே வரவில்லை. அந்த அம்மாளுக்கு அது புரிந்தது. "தெரியலையா? பெறகு என்னத்தடா எழுதுன?"

பெர்சி அவனைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது.

"எங்கம்மா, பிலோமினாள். எனக்கு ரெண்டு வயசுல அவங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்து, காது போயிருச்சு. உதட்டைப் பாத்துதான் பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க. அவங்களுக்காகத்தான் நான் சப்டைட்டிலே எழுதப் பழகுனது." கொஞ்சம் நிறுத்தினான். "வீட்ல டிவில பாட்டு வந்தா அம்மா எந்திரிச்சு அடுப்பைப் பாக்கப் போயிருவாங்க. சின்னதுல இருந்து அப்படியே பாத்துப் பாத்து... பாட்டுன்னா எழுத வேணாம்னே பழகிப்போச்சுங்க. இன்னைக்கு எந்திரிக்கவே இல்ல. கடைசிவரை உக்காந்திருந்தாங்க."

பெர்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சே, என்ன வாய் இது!

பிலோமினாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க சங்கத்துல இருந்து நாப்பது பேர் இந்தப் படம் பாக்க வாராங்க. என்னைய மாதிரி காது கேக்காதவங்க. அம்புட்டு பேரும் என்னையத்தான கேப்பாங்க? நான் என்னத்தைச் சொல்ல?"

ஜூடு லேப்டாப்பை மூட ஆரம்பித்தான். உதவி கேட்கும் முகமாகவும் இல்லை. அதனால் பெர்சிதான் பேச வேண்டியிருந்தது.

"நான் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர். குவையர்லயும் பாடுறேன். பாட்டைக் கேட்டு நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?"

"உங்களுக்காக ஒண்ணுமில்ல. அவன் எதுக்கு விட்டான்னு எனக்குத் தெரியணும்."

ஜூடு டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். திங்கள் சாயங்காலம் பெர்சி போனபோது கம்ப்யூட்டரில் ஒரு காதணி விழா பேனர் பாதியில் நின்றது. தாய்மாமன்கள் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் கூலிங் கிளாஸ். அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தோணிக்காரனைத் திறந்தான். அவள் வரி வரியாகக் கேட்டுச் சொன்னாள். அவன் தட்டினான். பருத்திப்பால் வந்தது. ஆறியும் போனது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் திடீரென்று. கன்னம் ஏன் சுடுகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"பழக்கம், டீச்சர். எங்க வீட்ல எல்லாரும் வாயைப் பாத்துத்தான் கேப்போம். சத்தம் இல்லாமப் பேசுனாக்கூட எனக்குப் புரியும்."

"நெசமாவா?"

அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். *லூசு.*

"யாரு, நானா?" என்றான் அவன் உடனே.

பெர்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கண்கள் பாதி மூடிக்கொள்ளும். அதை அவன் கவனித்ததை அவள் கவனித்தாள்... கவனிக்காத மாதிரி அடுத்த வரிக்குப் போனாள்.

மூன்று நாளில் பதின்மூன்று பாட்டு முடிந்தது. குவையர் மாஸ்டர் கதையைக்கூட அவனிடம் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை கடைசிப் பாட்டு. மழை இல்லாமல், ஹெட்ஃபோனில், ஒவ்வொரு சொல்லாக. 'இறங்கிப் போ. நீயும் இறந்துவிட்டால் நான் யாருக்குப் பாடுவேன்...'

ஜூடு தட்டினான்: 'உன்னை மன்னித்தேன். இறங்கிப் போ.'

"அப்படி அவன் பாடலையே!"

"அர்த்தம் அதுதான, டீச்சர்? கொல்லாம விட்டுட்டான்னா மன்னிச்சுட்டான்னுதான அர்த்தம்?"

"மன்னிக்கலங்க. அவன் வாழ்க்கையில மிச்சம் இருக்கிறதே அந்த அஞ்சு பேருதான். அஞ்சாவது ஆளையும் முடிச்சுட்டா அவன் பாட்டைக் கேக்க ஒரு நாதி கிடையாது. தனியாளாயிருவோமேன்னு பயந்துட்டான்."

"நான் இந்தப் படத்தை இருபது தடவை பாத்திருக்கேன்."

"(பாடல்), (பாடல்)னுதான பாத்தீங்க?"

அவன் முகம் சுருங்கியது. "யாரையும் மன்னிக்கத் தெரியாதவங்களுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்."

சுருக்கென்று தைத்தது. நம்பிச் சொன்ன விஷயத்தையே எடுத்து அடிக்கிறானே! பெர்சி பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை அவன் போன் செய்தான். எடுக்கவில்லை. சனிக்கிழமை அவன் போன் செய்யவில்லை. அதற்கும் கோபம் வந்தது. என்ன பெண் இவள், என்று நீங்கள் கேட்கலாம். அவளே அதைத்தான் கேட்டுக்கொண்டாள். குவையர் மாஸ்டரோடு பேசாத இரண்டு வருஷமும் நிம்மதியாகத் தூங்கியவளுக்கு, இவனோடு பேசாத இரண்டு நாள் ஏன் இப்படிக் கனக்கிறது? அவனைத் திட்ட வேண்டும். திட்டுவதைக் கேட்க அவன் எதிரே இருக்க வேண்டும், உதட்டையே பார்த்துக்கொண்டு...

ஐயையோ. தோணிக்காரன் கதையாகிவிட்டதே நம் கதை!

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஹாலில் நாற்பது பேர். ஒரு சத்தம் இல்லை. கைகள்தான் பறந்தன. ஒருவரை ஒருவர் தொட்டுத் திருப்பி, விரலாலும் உதட்டாலும் ஓயாத அரட்டை. பெர்சி பின்பக்கம் பார்க்காமல் போய் பிலோமினாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்டை தீர்க்க ஒன்றும் வரவில்லை. அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அவ்வளவுதான்.

படம் ஓடியது. பாட்டுக்குப் பாட்டு, எழுத்துகள் வந்தன. யாரும் எழுந்து போகவில்லை. ஐந்தாவது ஆள் தோணியில் ஏறினான். பெர்சி விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

'இறங்கிப் போ... உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் இறந்துவிட்டால், என் பாட்டைக் கேட்க யார் இருக்கிறார்கள்?'

அவளுடைய வரி.

பிலோமினாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவிப்பய... தனியாளாயிருவோம்னு விட்டிருக்கான்" என்றார். பெர்சி தலையை ஆட்டினாள்.

விளக்குகள் எரிந்தன. பிலோமினாள் மகனைத் தேடித் திரும்பினார், பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். பெர்சியின் தோளைத் தட்டி, அதே ஊர்க்குரலில், "ஏ பிள்ள, இவன் அங்க நின்னுக்கிட்டுத் தனக்குத்தானே என்ன சொல்றான் தெரியுமா? 'புடிச்சிருக்குன்னு சொல்லிருவோமா... சொன்னா சண்டைக்கு வந்துருவாளோ'ன்னு பத்து தடவை சொல்லிட்டான்!" என்றார்.

"அம்மா!"

லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஜூடு. ஓட இடமில்லாத முகம். பெர்சி எழுந்து அவன் பக்கம் திரும்பினாள். இத்தனை பேருக்கு நடுவே வாய் திறந்து எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதுதான் நினைவு வந்தது, இவனுக்குச் சத்தம் தேவையில்லையே! ரகசியமாக, உதட்டை மட்டும் அசைத்தாள்.

*எனக்கும் புடிச்சிருக்கு. போதுமா?*

ஒரு நொடி. பிறகு எண்பது கைகள் மேலே எழுந்து படபடவென்று ஆடின.

அது அவர்கள் கைதட்டும் விதம் என்பது அவளுக்குப் புரிய இன்னொரு நொடி ஆனது. உதட்டைப் படிப்பவர்கள் நிறைந்த ஹாலில், உதட்டால் ரகசியம் சொன்ன புத்திசாலி! பெர்சி துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் காலடிச் சத்தம்.

"வாயைத் திறந்து சத்தமாச் சொல்லியிருந்தா எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும், டீச்சர்."

துப்பட்டாவை மெல்ல இறக்கினாள். "அன்னைக்குச் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"தப்புதான். அதான் உங்க வரியைப் போட்டேன். என்னைய மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல. மன்னிச்சிட்டா பெறகு நான் யாரைத் திட்டுறது?"

அவன் சிரித்தான். "அம்மா சொன்னது கணக்குல சேராதுங்க. நான் இன்னும் சொல்லல..."

அவன் நகர்ந்து, அம்மாவுக்கும் அந்த நாற்பது பேருக்கும் முதுகைக் காட்டி, அவள் முகத்துக்கு நேரே நின்றான். பிறகு மூச்சை இழுத்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல், சத்தமாகவே சொன்னான்.

அந்த ஹாலில் அது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் கேட்டது.